புளோரிடா 2000: 537 ஓட்டா, 1,75,000 ஓட்டா?

2000ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் தேதி அமெரிக்க அதிபர் தேர்தல் நடந்தது. அன்றிரவு தொலைக்காட்சிகள் முதலில் புளோரிடா மாநிலம் அல் கோருக்கு என்றன. பிறகு இல்லை என்றன. நள்ளிரவு தாண்டியதும் ஜார்ஜ் புஷ்ஷுக்கு என்றன. விடிவதற்குள் அதையும் திரும்பப் பெற்றன! கோர் புஷ்ஷைத் தொலைபேசியில் அழைத்துத் தோல்வியை ஒப்புக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மறுபடி அழைத்து அதை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

ஒரு மாநிலத்துக்காக ஏன் இத்தனை களேபரம்? அமெரிக்காவில் அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. மாநிலத்துக்கு இத்தனை தேர்வாளர்கள் என்று ஒரு கணக்கு உண்டு. பெரும்பாலான மாநிலங்களில் ஒரே ஒரு ஓட்டு அதிகம் வாங்கியவருக்கும் அந்த மாநிலத்தின் அத்தனை தேர்வாளர்களும் கிடைத்துவிடுவார்கள். ஜெயிக்க 270 பேர் வேண்டும். புளோரிடாவின் பங்கு அப்போது 25. அந்த 25 யாருக்கோ அவரே அதிபர் என்ற நிலை.

36 நாள் இழுபறிக்குப் பிறகு நின்ற கணக்கு இது: புஷ் 29,12,790, கோர் 29,12,253. கிட்டத்தட்ட 60 லட்சம் ஓட்டில் வித்தியாசம் வெறும் 537! நாடு முழுக்க கோர் சுமார் 5.4 லட்சம் ஓட்டுகள் அதிகம் வாங்கியிருந்தார். ஆனாலும் 271 தேர்வாளர்களோடு புஷ் அதிபரானார்.

அன்று முதல் எல்லோரும் இந்த 537ஐச் சுற்றியே பேசுகிறார்கள். ரால்ஃப் நேடர் நிற்காமலிருந்தால், அவர் வாங்கிய 97,488 ஓட்டில் ஒரு பகுதி கோருக்குப் போயிருக்கும் என்பது ஒரு வாதம். நீதிமன்றம் தலையிட்டது சரியா என்பது இன்னொன்று. இரண்டும் பேச வேண்டியவைதான். ஆனால் இவற்றைவிடப் பெரிய எண் ஒன்று இருக்கிறது. அது 1,75,000. வாக்குச்சாவடிக்குப் போய், வரிசையில் நின்று ஓட்டுப் போட்டும், அதிபர் கணக்கில் சேராமல் போன வாக்குச்சீட்டுகளின் எண்ணிக்கை இது.

இதற்குச் சதி எதுவும் தேவைப்படவில்லை. பாம் பீச் கவுண்டியைப் பாருங்கள் (கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி). முதியவர்கள் படிக்க வசதியாக எழுத்துகளைப் பெரிதாக்க நினைத்தார் அங்கிருந்த தேர்தல் அதிகாரி. அவர் கோரின் கட்சிக்காரர்தான். பெயர்கள் ஒரு பக்கத்தில் அடங்காததால் இரண்டு பக்கங்களிலும் பெயர்கள், நடுவில் துளைகள் என்று அமைத்தார். இடப்பக்கம் இரண்டாவதாக இருந்த கோருக்கு மூன்றாவது துளை. வலப்பக்கம் முதலில் இருந்த பாட் புக்கானனுக்கு இரண்டாவது துளை. அந்தக் கவுண்டியில் புக்கானனுக்கு 3,400க்கும் மேல் ஓட்டு விழுந்தது. அதில் பெரும்பாலானவை தனக்கானவை அல்ல என்று அவரே சொன்னார்! குழம்பிப்போய் இரண்டு துளைகள் போட்டவர்களின் சீட்டுகள் செல்லாதவை ஆயின.

இதைவிட வருத்தமான கதை கேட்ஸ்டன் கவுண்டியுடையது. ஏழைகள் நிறைந்த, கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக உள்ள கவுண்டி அது. அதை ஒட்டியே தலைநகர் டல்லஹாசி இருக்கும் லியான் கவுண்டி. இரண்டிலும் சீட்டில் குறியிட்டால் இயந்திரம் படித்து எண்ணும் முறைதான். லியானில் அந்த இயந்திரம் வாக்குச்சாவடியிலேயே இருந்தது. தப்பாகக் குறித்தால் சீட்டு திரும்பி வரும், திருத்திப் போடலாம். கேட்ஸ்டனில் சீட்டுகளைப் பெட்டியில் போட்டு, மொத்தமாக வேறிடத்தில் எண்ணினார்கள். தப்பு தெரிய வரும்போது ஓட்டுப் போட்டவர் வீட்டுக்குப் போயிருப்பார். விளைவு? லியானில் செல்லாத சீட்டு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. கேட்ஸ்டனில் எட்டுக்கு ஒன்று!

"ஒழுங்காக ஓட்டுப் போடத் தெரியாதது அவர்கள் தப்புதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒரே மாதிரித் தப்பை ஓரிடத்தில் திருத்த விட்டு, பக்கத்து இடத்தில் குப்பையில் போட்டால், அது ஓட்டுப் போட்டவரின் தப்பு அல்ல, நிர்வாகத்தின் தப்பு. மாநிலம் முழுக்கப் பார்த்தால், கறுப்பினத்தவரின் ஓட்டு தள்ளுபடியாகும் வாய்ப்பு மற்றவர்களுடையதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு என்று அமெரிக்க சிவில் உரிமை ஆணையம் 2001ல் சொன்னது.

டிசம்பர் 12ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் மறு எண்ணிக்கையை நிறுத்தியது. கவுண்டிக்குக் கவுண்டி வேறு வேறு அளவுகோலில் எண்ணுவது சமத்துவத்துக்கு எதிரானது என்பது அது சொன்ன முக்கியக் காரணம். நல்ல காரணம்தான்! ஆனால் முதல் எண்ணிக்கையே 67 கவுண்டிகளில் வேறு வேறு இயந்திரங்களில்தானே நடந்தது? மறு எண்ணிக்கைக்குத் தேவைப்பட்ட சமத்துவம் முதல் எண்ணிக்கைக்குத் தேவைப்படவில்லையா?

உண்மையில் ஜெயித்தது யார்? பத்திரிகைகள் சேர்ந்து நடத்தி 2001ல் வெளியிட்ட ஆய்வு இரு தரப்புக்கும் சங்கடமான பதிலைத் தந்தது. கோர் கேட்டபடி சில கவுண்டிகளில் மட்டும் எண்ணியிருந்தாலும் புஷ்தான் ஜெயித்திருப்பார். மாநிலம் முழுக்க, தள்ளுபடியான எல்லாச் சீட்டுகளையும் பார்த்திருந்தால் கோர் மயிரிழையில் ஜெயித்திருப்பார். எல்லா ஓட்டையும் எண்ணுங்கள் என்று கோர் பேசினார். ஆனால் வழக்கு போட்டுக் கேட்டது சில கவுண்டிகளை மட்டுமே.

பிறகு துளை அட்டைகள் ஒழிக்கப்பட்டன. புதிய இயந்திரங்களுக்கு மத்திய அரசு 2002ல் சட்டம் போட்டுப் பணம் தந்தது. ஆனால் 2006ல் அதே புளோரிடாவின் சரசோட்டாவில், தொடுதிரை இயந்திரத்தில் சுமார் 18,000 பேரின் ஓட்டு காங்கிரஸ் தொகுதிக்குப் பதிவாகவே இல்லை. அந்தத் தொகுதியில் வித்தியாசம் 369! சரிபார்க்கக் காகிதமும் இல்லை. மறுபடி காகிதத்துக்கே திரும்பியது மாநிலம்.

2024ல் டிரம்ப் புளோரிடாவை 13 சதவீதப் புள்ளிகள் வித்தியாசத்தில் ஜெயித்தார். இயந்திரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. வித்தியாசம் பெரிதாக இருந்தால் ஓட்டைகள் கண்ணில் படுவதில்லை. ஓட்டுரிமை என்பது பெட்டியில் சீட்டைப் போடும் உரிமை மட்டுமல்ல, அது எண்ணப்படும் உரிமையும்தான். புளோரிடாவில் அன்று தோற்றவர் கோர் மட்டுமல்ல. அந்த 1,75,000 பேரும்தான்.