வைன் தோட்டத்துக்கு அம்மப்பாவோடு போனால் என்ன?

போன செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை, நாங்கள் ஐந்து பேர் ஸ்காபரோவிலிருந்து நயாகரா-ஒன்-த-லேக் போய் வந்தோம். அம்மா, அப்பா, அண்ணா, அம்மப்பா, நான். அருவியைப் பார்க்கப் போகவில்லை. வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் அதைக் காட்டிக் காட்டியே எங்களுக்கு அலுத்துவிட்டது. இந்த முறை வைன் தோட்டங்கள். அண்ணாவின் யோசனை.

குடும்ப வட்ஸ்அப்பில் ஒரு படம் போட்டேன். பத்து நிமிடத்தில் சித்தியின் அழைப்பு வந்தது. "வயசுபோன மனிசனையும் கூட்டிக்கொண்டு குடிக்கிற இடத்துக்கோ போனனீங்கள்?"

அன்றைக்கு நான் மழுப்பிவிட்டேன். சித்தி, இதுதான் என் பதில்.

முதலில் ஒன்று. நான் ஒரு துளியும் குடிக்கவில்லை, ஏனென்றால் நான்தான் கார் ஓட்டினேன். எனக்கு 20 வயது. ஒன்ராறியோவில் 19 வயதில் குடிக்கலாம். ஆனால் 21 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் வாகனம் ஓட்டும்போது இரத்தத்தில் அல்ககோல் கொஞ்சமும் இருக்கக் கூடாது. எனக்குக் கிடைத்தது ஜூஸ்தான்.

அம்மப்பா உரும்பிராயில் முந்திரிகைத் தோட்டம் வைத்திருந்தவர். (முந்திரிகை என்றால் கஜு இல்லை. யாழ்ப்பாணத்தில் திராட்சைக்கு அதுதான் பெயர்.) காரால் இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பந்தல் போடேல்லையோ?" ஊரில் கொடி தலைக்கு மேலே பந்தலில் படரும், குலைகள் கீழே தொங்கும். இங்கே கம்பி வேலி மாதிரி வரிசை வரிசையாகக் கட்டியிருந்தார்கள். சுற்றிக் காட்டிய பெண்ணிடம் அவர் கேள்விமேல் கேள்வி கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

இவ்வளவு குளிர் நாட்டில் எப்படிக் காய்க்கிறது? பக்கத்தில் இருக்கும் ஒன்ராறியோ ஏரி கோடைச் சூட்டைப் பிடித்து வைத்து, இலையுதிர்காலத்தில் மெல்ல மெல்ல விடுகிறதாம். ஐஸ்வைனுக்குப் பழத்தை மரக்கறி மாதிரி ஆய்ந்து எடுப்பதில்லை. வெப்பநிலை மைனஸ் 8 பாகைக்கோ அதற்குக் கீழோ போகும்வரை கொடியிலேயே விட்டு, உறைந்தபடியே பிழிகிறார்கள். தண்ணீர் ஐஸாகப் பின்தங்கிவிட, இனிப்பான சாறு மட்டும் வருகிறது. "அவ்வளவு நாளும் குருவி விட்டு வைக்குமோ?" என்றார் அம்மப்பா. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வலைகளைக் காட்டினாள். கனடாவுக்கு வந்தபிறகு அவர் தனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தைப் பற்றி இவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததில்லை.

பிறகு சுவைக்கிற மேசை. ஆளுக்கு ஒரு வாய் அளவுதான் ஊற்றினார்கள். பக்கத்தில் துப்புவதற்கு ஒரு பாத்திரம். "துப்பலாமோ?" என்று அம்மா ஆச்சரியப்பட்டார். அம்மப்பா கிளாஸை எடுத்தார், மணந்தார், அப்படியே வைத்துவிட்டார்.

திரும்பி வரும்போது, ஹமில்ற்றன் தாண்டியபிறகு, அவர் பின் சீற்றிலிருந்து சொன்னார்: "உன்ரை மாமன் குடிச்சுத்தான் செத்தவன். வருத்தம் எண்டு சொன்னது நாங்கள்தான்."

அம்மாவின் ஒரே தம்பி. நான் பிறக்கமுதலே போய்விட்டார். சுவரில் படம் இருக்கிறது, வருடா வருடம் திவசம் நடக்கிறது. 20 வருடமாக எனக்குத் தெரிந்தது "சுகமில்லாமல் போனவர்" என்பது மட்டும்தான். அம்மா அழுதார். அழுதுகொண்டே மாமாவைப் பற்றி நிறையச் சொன்னார்.

எங்கள் வீடுகளில் குடி இல்லாமல் இல்லை. பிறந்தநாள் விழா என்றால் கராஜுக்குள் மாமாமாரும் விஸ்கிப் போத்தலும். பெண்கள் பைற்ஸ் பொரித்து அனுப்புவார்கள். எத்தனை கிளாஸ் என்று யாரும் எண்ணுவதில்லை. யார் கார் ஓட்டுவது என்று கேட்டால் அவமரியாதை. கதவைச் சாத்திவிட்டால் அது குடி இல்லை என்று நினைக்கிறோம். அந்தச் சாத்திய கதவுக்குள்தான் ஒருவர் மெல்ல மெல்ல அழிந்துபோகலாம். அழிந்தபிறகும் நாங்கள் "வருத்தம்" என்றே சொல்வோம்.

வைன் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அழகான தோட்டமும் நீளக் கிளாஸும் அதை ஜூஸ் ஆக்கிவிடாது. 142 மி.லீ. வைனிலும் 43 மி.லீ. விஸ்கியிலும் இருக்கிற அல்ககோல் கிட்டத்தட்ட ஒன்றுதான். 2023இல் வந்த கனடிய வழிகாட்டல், வாரத்துக்கு 2 கிளாஸுக்கு மேல் போகப் போக ஆபத்துக் கூடுகிறது என்கிறது. குடிக்காமலே இருக்கப்போகிறீர்களா? மிக நல்லது.

நான் சொல்வது வேறு. பகல் வெளிச்சத்தில், அளந்து ஊற்றி, வேண்டாம் என்றால் வைத்துவிடலாம் என்கிற ஒரு மேசையில், மூன்று தலைமுறை ஒன்றாக நின்றோம். அதனால்தான் அம்மப்பாவுக்கு அந்த வசனம் வாயில் வந்தது என்று நம்புகிறேன். கராஜில் அது ஒருநாளும் வந்திருக்காது.

நீங்கள் வைன் தோட்டத்துக்குப் போகத் தேவையில்லை. வீட்டில் ஒருநாள் கேட்டுப் பாருங்கள்: எங்கள் குடும்பத்தில் குடியால் யாரையாவது இழந்திருக்கிறோமா? பதில் உடனே வராது. பரவாயில்லை, கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

சித்தி, மாமா உங்களுக்கும் அண்ணன்தானே. அடுத்த முறை நீங்களும் வாங்கோ. அண்ணாவை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம், காரில் இடம் இருக்கும்.