பரணிலிருந்து இறங்கிய மடிக்கணினி

சித்தி ஓய்வுபெற்ற தமிழாசிரியை. வயது எழுபத்தொன்று. மயிலாப்பூரில் கச்சேரி சாலையை ஒட்டிய ஒரு சந்தில் தனியாக இருக்கிறார். போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது பேத்தியின் பழைய மடிக்கணினி கிடைத்தது. 2013-ல், அரசு உதவி பெறும் பள்ளியில் பிளஸ் டூ படித்தபோது தமிழக அரசு அவளுக்குக் கொடுத்தது. முதல்வர் படம் போட்ட பைகூட அப்படியே இருந்தது. "எடைக்குப் போட மனசு வரலைடா, நீ வந்து பாரு" என்றார் சித்தி.

சார்ஜரைச் செருகிப் பொத்தானை அமுக்கினேன். கறுப்புத் திரையில் இரண்டு வழி காட்டியது. ஒன்று விண்டோஸ் 7, இன்னொன்று பாஸ். கோவையில் வேலை பார்க்கும் பேத்தியை உடனே போனில் கூப்பிட்டேன். "அந்த ரெண்டாவதை ஒரு தடவைகூட நான் திறந்ததில்லை மாமா. அது என்னன்னு யாரும் சொல்லித் தரலை" என்றாள்.

அன்று முழுக்க அந்தப் பதில் மனசை விட்டுப் போகவில்லை. பாஸ் என்பது பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து, இந்திய மொழிகளில் புழங்கும்படி மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கியது. 2007 ஜனவரியில் முதல் பதிப்பு வந்தது. அந்த மையம் தரமணி டைடல் பார்க்கில் இருக்கிறது. அடையாறிலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரம். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு சேர்ந்து இதுவும் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போனது. நம் ஊர்ப் பொறியாளர்கள் உழைத்துச் செய்த ஒன்று, நம் ஊர்ப் பிள்ளைகளின் கையிலேயே திறக்கப்படாமல் கிடந்திருக்கிறது. பாஸைச் செய்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பெட்டியைக் கொடுத்தோம், பக்கத்தில் உட்கார ஆளைக் கொடுக்கவில்லை. குறை அங்கேதான்.

சித்திக்கும் அந்தப் பாஸையே ஓட்டிக் காட்ட ஆசைதான். ஆனால் மடிக்கணினியில் இருந்த பதிப்புக்கு வயதாகிவிட்டது. தவிர, அவருக்குச் சந்தேகம் வந்து கூப்பிட்டால் பதில் சொல்லப்போவது நான். எனக்குக் கைப்பழக்கமானது லினக்ஸ் மின்ட். 2006-ல் கிளெமென்ட் லெஃபெப்வ்ர் தொடங்கியது. இடது ஓரத்தில் கீழே மெனு, அதை அமுக்கினால் எல்லாம் வரிசையாக இருக்கும். விண்டோஸ் பழகியவர்களுக்குக் கை தடுமாறாது. அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான வடிவத்தைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு ஜிபி ரேம் மூச்சுத் திணறும் என்று, ரிச்சி தெருவில் பழைய ரேம் ஒன்றும் புது எஸ்எஸ்டி ஒன்றும் வாங்கிப் போட்டேன். பேத்தியின் படங்களை முதலில் பென் டிரைவில் எடுத்து வைத்துவிட்டேன். இதை மறந்துவிட்டுப் பிறகு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மின்டைப் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். கணினியில் இருப்பது எதுவும் கலையாது. சித்தி அரைமணி நேரம் அப்படியே பார்த்தார், பிடித்திருந்தது. நிறுவும்போது ஓர் இடத்தில் நின்றது. வைஃபை தெரியவே இல்லை. என் போனை யூஎஸ்பி வயரால் இணைத்து அதன் நெட்டைக் கொடுத்து, டிரைவர் மேனேஜரைத் திறந்து ஒரு வட்டத்தைத் தொட்டேன். மறுபடி தொடங்கியதும் வைஃபை வந்துவிட்டது. எனக்கு இது ஐந்து நிமிட வேலை. சித்தி தனியாக இருந்திருந்தால் அங்கேயே மூடி மறுபடி பரணில் வைத்திருப்பார். புதியவர்களுக்கு எளிது என்று எந்த லினக்ஸைச் சொன்னாலும், இப்படி ஓர் இடம் வரும்போது பக்கத்தில் ஒருவர் இருக்கிறாரா என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

சென்னையில் அப்படி உட்காரும் மனிதர்கள் உண்டு. சென்னை லினக்ஸ் பயனர் குழு 1990களின் கடைசியிலிருந்து இயங்குகிறது. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை ஐஐடி வளாகத்தில், கஜேந்திரா சர்க்கிள் பக்கத்து வகுப்பறையில் அவர்கள் கூடிய காலத்தில் கற்றுக்கொண்டு போனவர்கள் ஏராளம். த. சீனிவாசன் 2012-ல் நண்பர்களோடு தொடங்கிய கணியம் என்ற மின்னிதழ், லினக்ஸை எளிய தமிழில் எழுதிவருகிறது. து. நித்யா எழுதிய லினக்ஸ் நூல்களையும் இலவசமாகவே தருகிறது. கல்லூரிப் பிள்ளைகளுக்கு இப்போது அரசு மறுபடி மடிக்கணினி கொடுக்கிறது. இந்த லினக்ஸ் ஆர்வலர்களைப் போன்ற ஒருவர் ஒரு கல்லூரிக்கு ஒரு சனிக்கிழமை போனால்கூடப் போதுமே!

தமிழ் தட்டும் கட்டத்துக்கு வந்தோம். ஐபஸ் என்ற தட்டச்சு நிரலைச் சேர்த்து, அதில் தமிழ்99 விசைப்பலகையை வைத்தேன். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை அடுத்து அரசு ஏற்ற முறை அது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் வலது கைக்கு. அ, ம, ம, ஆ என்று நான்கு முறை தட்டினேன். திரையில் 'அம்மா' என்று வந்தது. முதல் மகரத்தின் தலையில் புள்ளி தானாக விழுந்ததைச் சித்தி கவனித்துவிட்டார். "புள்ளியை நான் வைக்கலையே!" என்று இன்னொரு முறை தட்டிப் பார்த்தார். பிறகு ந, த தட்டினார், 'ந்த' வந்தது. நாற்பது வருஷம் மெய்ம்மயக்கம் நடத்தியவர். "இதைச் செஞ்சவங்களுக்கு இலக்கணம் தெரிஞ்சிருக்குடா" என்றார்.

அப்போதுதான் அலமாரியிலிருந்து ஒரு சிடியைக் கொண்டுவந்தார். சித்தப்பா 1990களில் தட்டிவைத்தது. பங்குனியில் அறுபத்துமூவர் விழாவன்று மாட வீதியில் தான் பார்த்ததையெல்லாம் எழுதியிருக்கிறார். திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குழப்பம். சித்தியின் முகம் வாடிப்போனது. கோப்பில் எழுத்துருவின் பெயரைப் பார்த்தேன்: மயிலை. சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் உருவாக்கி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாகக் கொடுத்த எழுத்துரு. தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கி இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கியவரும் அவர்தான். யூனிகோடு பரவாத அந்த நாளில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைப் பொருத்தித்தான் வேலை நடந்தது. அதனால் எழுத்துரு இல்லாவிட்டால் தமிழ் தெரியாது. வலையில் தேடி எடுத்து எழுத்துருக் கோப்புறையில் போட்டுவிட்டு, கோப்பை மூடித் திறந்தேன். பக்கம் முழுக்கத் தமிழ்.

சித்தி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கிட்டத்தில் வந்து படித்தார். யூனிகோடுக்கு மாற்ற நிரல்கள் இருக்கின்றன, ஒரு நிமிடத்தில் மாற்றித் தருகிறேன் என்றேன்.

"வேண்டாம்டா. நானே தட்டிக்கறேன்."

நேற்றுப் போனில் பேசினார். நான்காவது பக்கத்தில் இருக்கிறார். சாமி கிழக்கு மாட வீதி திரும்பிவிட்டதாம்.