சர்க்கஸ் யானையும் நம் வீட்டுத் தொழுவமும்

இரவில் வானத்தில் ஒரு வெளிச்சம் சுற்றிச் சுற்றி வந்தால் மதுரைக்குச் சர்க்கஸ் வந்துவிட்டது என்று எங்கள் கிராமத்தில் தெரிந்துகொள்வார்கள். 1980-ஆம் ஆண்டு, பொங்கல் கழிந்த சமயம் அது. நான் ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். சர்க்கஸ் யானைகளுக்கும் குதிரைகளுக்கும் தீவனம் வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு, என் தந்தையார் ஒரு வண்டிச் சோளத்தட்டையை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். நானும் தட்டையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். தட்டைக்கு உரிய விலையோடு, ஆட்டம் பார்க்க இரண்டு சீட்டுகளும் கிடைத்தன.

அன்று பார்த்தவை இன்றும் கண்ணில் நிற்கின்றன. சிங்கங்கள் வரிசையாக முக்காலிகளில் ஏறி உட்கார்ந்தன. கரடி சைக்கிள் ஓட்டியது. யானை மணியடித்துப் பிள்ளையாருக்குப் பூசை செய்தது. பிறகு சின்னஞ்சிறு முக்காலியில் மனிதனைப் போல் உட்கார்ந்தது. கை வலிக்கத் தட்டினேன்.

ஆட்டம் முடிந்ததும், தட்டை கட்டிவந்த கயிற்றை எடுத்துவரக் கூடாரத்தின் பின்பக்கம் போனோம். அங்கே அதே யானை, முன்கால் ஒன்றிலும் பின்கால் ஒன்றிலும் சங்கிலியோடு நின்று, உடம்பை இடமும் வலமுமாக அசைத்துக்கொண்டே இருந்தது. “அய்யா, யானை இங்கேயும் ஆடுது பாருங்க” என்றேன். அவர் சற்று நேரம் பார்த்தார். “ஆட்டமில்லடா அது. நம்ம மயிலைக்காளை கால் புண்ணோட மூணு மாசம் கட்டுத்தறியிலேயே கிடந்தப்ப இப்படித்தான் தலையை ஆட்டிக்கிட்டு நின்னுச்சு. கட்டிப்போட்ட சீவன் படுற பாடு இது” என்றார்.

பள்ளிக்கூடம் போகாத அவர் சொன்னதையே, பிற்காலத்தில் நான் புத்தகங்களில் படித்தேன். நடமாட இடமின்றி, துணையின்றி, நெடுநேரம் கட்டுண்டு கிடக்கும் விலங்குகள் ஒரே அசைவைக் காரணமின்றித் திரும்பத் திரும்பச் செய்யும். யானை ஆடுவதும், கூண்டுப் புலி ஒரே தடத்தில் நடப்பதும், கட்டிய மாடு நாக்கை ஓயாமல் சுழற்றுவதும் ஒரே வகையைச் சேர்ந்தவை.

வித்தையின் பின்னால்

விலங்குகள் விரும்பி வித்தை காட்டின என்றே நாம் அன்று நம்பினோம். ஒவ்வொரு விலங்குக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் மனிதன் வந்தால் விலங்கு பின்வாங்கும். பின்வாங்க வழியில்லாமல் இன்னும் நெருங்கினால் பாயும். சுவிட்சர்லாந்து நாட்டு விலங்கியல் அறிஞர் ஹெய்னி ஹெடிகர் இதை விளக்கியிருக்கிறார். சாட்டையும் கோலும் பிடித்த பயிற்சியாளர் அந்த எல்லையைத் தொட்டும் விலகியும் நின்றுதான் சிங்கத்தை முக்காலியில் ஏற்றினார். அச்சம் ஒரு பக்கம், ஒரு துண்டு இறைச்சி மறு பக்கம். இவ்விரண்டுக்கும் நடுவில் நடந்ததே வித்தை. காட்டில் எந்த யானையும் முக்காலியில் உட்காருவதில்லை. அந்தப் பெரிய உடலின் பாரம் முழுவதும் தகாத மூட்டுகளில் இறங்கும் என்பதை மாடு வளர்ப்பவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இதற்காகச் சர்க்கஸ்காரர்களைக் கொடியவர்கள் என்று சொல்லிவிடக் கூடாது. தலைச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901-இல் சர்க்கஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கியதிலிருந்து, எத்தனையோ ஏழைக் குடும்பங்களுக்கு அது சோறு போட்டது. தம் உயிரைப் பணயம் வைத்தே அவர்கள் தொழில் செய்தார்கள். விலங்குகளைப் பிள்ளைபோல் பார்த்தவர்களும் உண்டு. ஆனால் ஊர் ஊராக லாரியில் கூண்டோடு போகும் பிழைப்பில், எவ்வளவு அன்பிருந்தாலும் புலிக்கு உரிய இடத்தைத் தர முடியாது. மேலும், சீட்டு வாங்கிக் கை தட்டியவர்கள் நாம்தாம்.

சட்டம் வந்த வழி

விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-லேயே வந்தது. அச்சட்டத்தின்படி, வித்தை காட்டப் பயன்படுத்தக் கூடாத விலங்குகளின் பட்டியலை மத்திய அரசு 1991-இல் வெளியிட்டது. 1998-இல் அது திருத்தப்பட்டு, கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் என்று அமைந்தது. சர்க்கஸ் உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். கேரள உயர் நீதிமன்றம் 2000-இலும், உச்ச நீதிமன்றம் 2001-இலும் தடை செல்லும் என்று தீர்ப்பளித்தன.

மீட்ட சிங்கங்களையும் புலிகளையும் வண்டலூர் உள்ளிட்ட இடங்களில் வைத்துப் பராமரித்தார்கள். கூண்டில் வளர்ந்த அவற்றைக் காட்டில் விட முடியாது. சிங்கங்களில் பல, ஆப்பிரிக்க இனமும் ஆசிய இனமும் கலந்தவை. ஆதலால் இனப்பெருக்கத்துக்கும் ஆகவில்லை. வம்சம் தெரியாமல் இனத்தைக் கலந்துவிட்டுப் பின்னர் நல்ல பொலிகாளைக்கு அலையும் நமக்கு இது புரியாத சங்கதியன்று.

பட்டியலில் காளை

அதுவரை எல்லாம் பிறர் கதை. 2011 ஜூலையில் அதே பட்டியலில் காளையும் சேர்க்கப்பட்டது. அதைத் தொடர்ந்து 2014-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டையும் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடை செய்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் இளைஞர்கள் கூடியதும், தமிழக அரசு சட்டத்தைத் திருத்தியதும், அத்திருத்தம் செல்லும் என்று 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்ததும் யாவரும் அறிந்தவை.

“சர்க்கஸ் சிங்கமும் எங்க வீட்டுக் காளையும் ஒண்ணா?” என்று விவசாயிகள் அப்போது கேட்டார்கள். நியாயமான கேள்வி. சிங்கம் காட்டு விலங்கு. காளையோ ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நம்மோடு வாழ்ந்து, நம் கையில் தின்று வளர்வது. இரண்டும் ஒன்றல்ல என்பதே என் கருத்தும்.

ஆனால் அந்தப் பெருமையை நம் சொல் மட்டும் காப்பாற்றாது. வாடிவாசலுக்குப் பின்னால் காளையின் வாலை முறுக்குகிறவனும், கண்ணில் மிளகாய்ப்பொடி போடுகிறவனும், சாராயம் ஊற்றுகிறவனும், பந்தய வண்டியில் தார்க்குச்சி ஆணியால் குத்துகிறவனும், சர்க்கஸ் சாட்டையைத்தான் வேறு பெயரில் பிடித்திருக்கிறார்கள். கால்நடை மருத்துவர் சோதிக்க வேண்டும், துன்புறுத்தும் பொருள்கள் கூடாது என்று விதிகள் இருக்கின்றன. எனினும் ஆயிரம் பேர் கூடும் இடத்தில் அதிகாரி எத்தனை கண் வைத்துப் பார்ப்பார்? காளைக்காரரே தம் காளைக்குக் காவல். அவர் தவறினால் நாளை மீண்டும் வழக்கு வரும். அப்போது நம்மிடம் பதில் இராது.

நம் தொழுவத்தில்

உழவு மாட்டுக்கும் 1965-ஆம் ஆண்டு விதிகள் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. வண்டி மாட்டையோ பொதி சுமக்கும் பிராணியையோ ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. வெப்பம் 37 டிகிரி செல்சியசுக்கு மேல் போகும் இடங்களில், பகல் 12 முதல் 3 மணி வரை பூட்டவே கூடாது. ஏர் பூட்டுவோரும் இதே கணக்கைக் கடைப்பிடித்தல் நன்று. சித்திரை வெயிலில் உச்சிப் பொழுதுக்கு முன் ஏரை அவிழ்த்த நம் முன்னோர் எந்த விதியையும் படித்தவர்களல்லர்.

கறவை மாட்டில் இதன் பயன் கைமேல் தெரியும். காம்பைத் தடவியதும் மாட்டின் உடலில் ஆக்சிடோசின் ஊறி, பால் இறங்குகிறது. அடித்தாலோ அதட்டினாலோ அச்சத்தில் அட்ரினலின் சுரந்து அதைத் தடுத்துவிடும். மடியில் பால் இருந்தும் பாத்திரத்தில் குறையும். கோபத்தில் அடித்த ஓர் அடிக்கு அன்றைக்கே பாலில் நட்டம்.

ஆகவே உழவர் பெருமக்கள் மூன்று காரியங்களைச் செய்ய வேண்டுகிறேன். மாட்டை நாள் முழுதும் முழக்கயிற்றில் கட்டி வைக்காமல், தினமும் இரண்டு மணி நேரமாவது தரிசிலோ களத்திலோ காலாற விடுங்கள். கழுத்தில் நுகத்தடிப் புண் இருக்கும் மாட்டை, புண் ஆறும் வரை பூட்டாதீர்கள். கறக்கும் நேரத்தில் தொழுவத்தில் சத்தம் வேண்டாம்.

இன்று சர்க்கஸ் கூடாரத்தில் சிங்கமும் புலியும் இல்லை. பார் விளையாட்டையும் மோட்டார் சைக்கிள் கூண்டையும் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் மகிழ்ச்சியோடுதான் வீடு திரும்புகிறார்கள். அந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன். என் தந்தையார் விலங்கை அரங்கத்தில் பார்த்து எடை போடவில்லை. வேலை முடிந்து சும்மா நிற்கும்போது பார்த்தார். இன்று மாலை நீங்களும் தொழுவத்தின் வாசலில் சற்று நேரம் நின்று பாருங்கள். மாடு நிம்மதியாகப் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தால், யார் கேட்டாலும் தலை நிமிர்ந்து பதில் சொல்லலாம்.