இரண்டு சூட்டுக்கு நடுவே

உருளைக்கிழங்கை வேகவைத்து உதிர்த்தால் பொடிமாஸ். முழுதாகச் சுட்டு, உள்ளே இருப்பதை வழித்தெடுத்து, மசித்து, தோலுக்குள்ளேயே திரும்ப அடைத்து மறுபடியும் சுட்டால் ஓட்டல் மெனுவில் தனி விலை போடும் பண்டம். அமெரிக்க வீடுகளில் இது சாதாரணச் சமையல். ஓ.டி.ஜி. அடுப்பு இருந்தால் புனேயிலும் அப்படித்தான்.

பாதி வேலை காய்கறிக் கடையிலேயே முடிந்துவிடும். மராத்தியர்கள் ‘படாடா’ என்கிறார்கள். போர்த்துகீசியர் விட்டுச் சென்ற சொல். வட இந்தியா குளிர்காலத்தில் பயிரிடும் கிழங்கைப் புனே மாவட்டம் மழைக்காலத்திலும் விளைவிக்கிறது. ஆம்பேகாவ் தாலுகாவில் உள்ள சாத்காவ் பீடபூமி இதற்குப் பெயர்போனது. மழை முடியும் சமயத்தில் புதுக் கிழங்கு சந்தைக்கு வந்துவிடும். மற்ற மாதங்களில் ஆக்ரா, இந்தூர் பக்கத்துக் கிழங்குதான் குல்டேக்டி மார்க்கெட்டில் இறங்குகிறது.

புதுக் கிழங்கு குருமாவுக்கு நல்லது, இதற்குச் சரிப்படாது. மாவுச்சத்து மிகுந்து, சுட்டால் பொலபொலவென்று உதிரும் முற்றிய கிழங்கு வேண்டும். கண்டுபிடிக்க ஒரு வழி: கால் கப் உப்பை இரண்டே முக்கால் கப் தண்ணீரில் கரைத்து ஒரு கிழங்கைப் போடுங்கள். மூழ்கினால் மாவுக் கிழங்கு. மிதந்தால் குருமாவுக்கு ஒதுக்கிவிடலாம். பச்சைக் கிழங்கை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம். குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, சுடும்போது கிழங்கு தித்தித்துக் கறுத்துப்போகும்.

நான்கு பேருக்குக் கால் கிலோ எடையில் நான்கு கிழங்கு. தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, முள்கரண்டியால் குத்தி, எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். முன்கூட்டியே சூடேற்றிய அடுப்பில், கம்பித் தட்டின் மேல் நேராக வைத்து 200 டிகிரியில் ஒரு மணி நேரம். கத்தி தடையில்லாமல் இறங்க வேண்டும். நீளவாக்கில் பிளந்து, அரை செ.மீ. கனத்துக்குத் தோலோடு சதையை விட்டுவிட்டு மீதியை வழித்தெடுங்கள். சூடு ஆறுமுன் கையால் மசிப்பது முக்கியம். மிக்ஸியில் போட்டால் பசையாகிவிடும்.

மேல்நாட்டார் சேர்க்கும் புளித்த கிரீமுக்கு இங்கே அலைய வேண்டியதில்லை. ஸ்ரீகண்ட் செய்ய டெய்ரிகளில் விற்கும் ‘சக்கா’, அதாவது தண்ணீர் வடித்த கெட்டித் தயிர், அதே வேலையைச் செய்யும். நான்கு மேஜைக்கரண்டி சக்கா, இரண்டு மேஜைக்கரண்டி வெண்ணெய், அரை கப் துருவிய சீஸ், உப்பு, மிளகுத்தூள், பொடியாக நறுக்கிய பச்சை மிளகாய், கொத்தமல்லி. கலந்து தோலுக்குள் அடைத்து, மேலே இன்னும் கொஞ்சம் சீஸ் தூவி, 200 டிகிரியில் இருபது நிமிடம். மேல்புறம் பொன்னிறமானால் எடுத்துவிடலாம். 1,500 வாட் அடுப்பில் மொத்தச் செலவு சுமார் 2 யூனிட் மின்சாரம்.

விருந்தினர் வருகிறார்கள் என்றால் முதல் சூட்டை முன்தினமே முடித்துவைப்பது வசதிதான். ஆனால் கவனம் தேவைப்படுவதும் இந்த இடைவெளியில்தான். 1994இல் அமெரிக்காவின் எல் பாசோ நகரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 30 பேர் பாட்டுலிசம் என்ற நரம்பைத் தாக்கும் நச்சுக்கு ஆளானார்கள். அலுமினியத் தாளில் சுற்றிச் சுட்ட உருளைக்கிழங்கைத் தாளோடு அறை வெப்பத்தில் நாள்கணக்கில் விட்டு, அதை மசித்துச் செய்த தொட்டுக்கொள்ளும் பண்டம்தான் காரணம். மண்ணிலிருந்து கிழங்கில் ஒட்டிவரும் நுண்ணுயிரின் வித்துகள் அடுப்புச் சூட்டுக்குச் சாவதில்லை. காற்று புகாத தாளுக்குள், வெதுவெதுப்பில், அவை முளைத்து நச்சைச் சுரக்கின்றன.

ஆகவே தாளே வேண்டாம். தோலும் மொறுமொறுப்பாக வரும். முன்தினம் சுட்டால் மசித்து அடைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். மறுநாள் இருபது நிமிடத்துக்குப் பதில் முப்பது நிமிடம். நடுப்பகுதியிலும் ஆவி பறக்க வேண்டும். புனேயில் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவது பெரும்பாலும் வியாழக்கிழமைகளில்தான். பாதியில் மின்சாரம் போனால், எப்போது வரும் என்று அடுப்புக்குள்ளேயே கிழங்கை வைத்துக் காத்திருக்க வேண்டாம். எடுத்துத் துண்டுபோட்டு, கடுகு தாளித்து, வாணலியில் நன்றாக வேகவிடுங்கள். பொடிமாஸுக்கு மின்சாரம் தேவையில்லை.