ரிசார்ட் கம்பெனி கைமாறினால் டைம்ஷேர் மெம்பர் கதி என்ன?

"வருஷத்துக்கு ஒரு வாரம் கொடைக்கானல் உங்களுக்கே சொந்தம்!" இந்த ஒரு வரியை நம்பி லட்சக்கணக்கில் பணம் கட்டிய குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். ஓட்டல் ஹாலுக்கு கூப்பிட்டு, காபி டிபன் கொடுத்து, கலர் கலராக போட்டோ காட்டி கையெழுத்து வாங்குவார்கள். 25 வருஷம், அதற்கும் மேலே என்று நீண்டுகொண்டே போகும் ஒப்பந்தம் அது.

ஆனால் அத்தனை வருஷமும் ஒரே முதலாளி கையில் கம்பெனி இருக்குமா? இருக்காது. இடையில் யாராவது வாங்கி விடுவார்கள். பேப்பரில் சேதி வந்த மறுநாளே, "கம்பெனியையே வித்துட்டாங்களாமே, நம்ம பணம் என்னாகும்?" என்று மெம்பர்கள் வயிற்றில் புளியை கரைக்கும்.

பயம் நியாயம்தான். ஆனால் "யார் வாங்கினார்?" என்ற கேள்வியை விட "எப்படி வாங்கினார்?" என்ற கேள்விதான் முக்கியம். உங்கள் ஒரு வாரம் தப்புமா, தப்பாதா என்பது அதில்தான் இருக்கிறது.

சென்னை கம்பெனி கைமாறிய கதை

நம்ம ஊர் உதாரணமே இருக்கிறது. 1986-ல் சென்னையில் ஆரம்பித்த கம்பெனி ஸ்டெர்லிங் ஹாலிடே ரிசார்ட்ஸ். கொடைக்கானல், ஊட்டி, ஏற்காடு என்று மலை மலையாக ரிசார்ட் வைத்தது. டைம்ஷேர் என்ற வார்த்தையையே நடுத்தர குடும்பங்களுக்கு அறிமுகம் செய்த கம்பெனிகளில் இதுவும் ஒன்று.

2014 பிப்ரவரியில் அதை தாமஸ் குக் இந்தியா வாங்குவதாக அறிவிப்பு வந்தது. மதிப்பு சுமார் ரூ.870 கோடி. ஸ்டெர்லிங்கின் 100 பங்கு வைத்திருந்தவர்களுக்கு தாமஸ் குக்கின் 120 பங்கு என்று கணக்கு. மும்பை, சென்னை ஐகோர்ட்டுகள் ஒப்புதல் கொடுத்து 2015-ல் வேலை முடிந்தது.

இதில் ஒரு வேடிக்கை. ரிசார்ட், டைம்ஷேர் தொழில் நேராக தாமஸ் குக்குக்கு போகவில்லை. தாமஸ் குக்கின் கீழே இருந்த ஒரு இன்சூரன்ஸ் சர்வீஸ் கம்பெனிக்கு மாற்றப்பட்டது. பிறகு அந்த கம்பெனியே ஸ்டெர்லிங் ஹாலிடே ரிசார்ட்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. போர்டு அதேதான். ஆனால் சட்டப்படி உங்களுக்கு பதில் சொல்ல வேண்டிய கம்பெனி வேறு!

சாதாரண மெம்பருக்கு இந்த மாற்றம் கண்ணுக்கு தெரியாது. அதே ரிசார்ட், அதே ரிசப்ஷன். ஒப்பந்தம் மட்டும் ஒரு கையில் இருந்து இன்னொரு கைக்கு போய்விட்டது. கோர்ட்டு உத்தரவுப்படி தொழில் மாறும்போது, சொத்தோடு சேர்ந்து பொறுப்பும் மாறும். அதனால் பழைய மெம்பர்ஷிப் அப்படியே புதிய கம்பெனி தலையில் ஏறும்.

பெயரை பார்த்து பயப்படாதீங்க

2019 செப்டம்பரில் லண்டனில் இருந்த தாமஸ் குக் திவாலானது. உலகம் முழுக்க டூர் போனவர்கள் நடுவழியில் தவித்தார்கள். பெயர் ஒன்றாக இருந்ததால் இங்கேயும் குழப்பம். ஆனால் இந்திய தாமஸ் குக்கை கனடாவின் பேர்பேக்ஸ் குழுமம் 2012-லேயே வாங்கிவிட்டது. லண்டன் கம்பெனிக்கும் இதற்கும் முதலாளி வேறு. அங்கே மூடியதால் இங்கே மூடவில்லை.

ஆக, போர்டில் இருக்கும் பெயர் வேறு, ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்ட கம்பெனி வேறு. பெயர் மாறாமல் கம்பெனி மாறலாம். கம்பெனி மாறாமல் பெயரும் மாறலாம்.

நாலு வழி, நாலு விளைவு

ஒரு கம்பெனி கைமாற நாலு வழி உண்டு.

முதல் வழி, பங்குகளை மட்டும் வாங்குவது. முதலாளி மாறுவார், கம்பெனி அதேதான். உங்கள் அக்ரிமென்ட்டில் ஒரு எழுத்துகூட மாறாது. இருப்பதிலேயே கவலை குறைவான வழி இதுதான்.

இரண்டாவது, ஸ்டெர்லிங்கில் நடந்தது போல தொழிலையே பிரித்து இன்னொரு கம்பெனியோடு சேர்ப்பது. இப்போது இதற்கு ஒப்புதல் கொடுப்பது ஐகோர்ட்டு இல்லை, தேசிய கம்பெனி சட்ட தீர்ப்பாயம். "எனக்கு இது பிடிக்கலை" என்று தனி மெம்பர் போய் தடுக்க முடியுமா? கஷ்டம். பங்கில் 10 சதவீதம் அல்லது மொத்த கடன் பாக்கியில் 5 சதவீதம் கையில் இருந்தால்தான் ஆட்சேபம் சொல்லலாம் என்கிறது 2013-ம் வருஷ கம்பெனி சட்டம். டைம்ஷேரில் "ஷேர்" என்ற வார்த்தை இருக்கிறதே தவிர, மெம்பர் யாரும் பங்குதாரர் இல்லை!

மூன்றாவது, ரிசார்ட் கட்டிடத்தை மட்டும் வாங்குவது. ஆபத்து இங்கேதான் ஆரம்பம். கட்டிடம் புதியவர் கைக்கு போகும். உங்களுக்கு கொடுத்த வாக்குறுதி பழைய கம்பெனியிடமே தங்கிவிடும். சொத்தை விற்ற கம்பெனி காலி பெருங்காய டப்பாதானே? இந்திய டைம்ஷேர்களில் பெரும்பாலும் கிடைப்பது தங்கும் உரிமைதான். நிலத்திலோ கட்டிடத்திலோ பத்திரம் பதிந்த பங்கு கிடையாது. அதனால் "என் ரூம்" என்று போய் உரிமை கொண்டாட முடியாது. குத்தகைக்கு எடுத்த ரிசார்ட் என்றால், குத்தகை முடிந்ததுமே அது லிஸ்டில் இருந்து காணாமல் போகலாம்.

நான்காவது, திவால். கடனை கட்ட முடியாமல் தீர்ப்பாயத்துக்கு போன கம்பெனியை இன்னொருவர் எடுப்பது. மெம்பர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். தீர்ப்பாயம் மீட்பு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டால், அந்த திட்டத்தில் இல்லாத பழைய பாக்கிகள் எல்லாம் ரத்து என்று 2021 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்லிவிட்டது. புதிய முதலாளி சுத்தமான சிலேட்டோடு ஆரம்பிப்பார். உங்கள் கணக்கு அந்த சிலேட்டில் இல்லை என்றால் கதை முடிந்தது.

கம்பெனி திவால் நடவடிக்கைக்கு போனதும் ஒரு ஆங்கில பேப்பரிலும் ஒரு மாநில மொழி பேப்பரிலும் அறிவிப்பு போடுவார்கள். குட்டி விளம்பரம்தான். அதில் சொன்ன தேதிக்குள் உங்கள் பணம் எவ்வளவு, மீதி எத்தனை வருஷம் என்று எழுதி ரசீதோடு உரிமை கோர வேண்டும். "கம்பெனிக்கே தெரியுமே, நான் எதுக்கு சொல்லணும்?" என்று சும்மா இருந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

அமெரிக்காவில் நடப்பது என்ன?

இந்த தொழிலில் பெரிய மீன் சின்ன மீனை விழுங்குவது அமெரிக்காவில் சர்வ சாதாரணம். டைமண்ட் ரிசார்ட்ஸ் கம்பெனியை பாருங்கள். 2007-ல் அது சன்டெரா என்ற கம்பெனியை வாங்கியது. 2016-ல் டைமண்டையே அப்பல்லோ என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கியது. (நம்ம ஊர் ஆஸ்பத்திரி இல்லீங்க, இது வேற அப்பல்லோ!) 2021 ஆகஸ்டில் ஹில்டன் கிராண்ட் வெக்கேஷன்ஸ் கைக்கு போனது. சன்டெராவில் வாங்கிய ஆளுக்கு 14 வருஷத்தில் மூன்று முதலாளி! அதே ஹில்டன் கம்பெனி 2024 ஜனவரியில் புளூகிரீன் கம்பெனியையும் வாங்கிப்போட்டது.

பழைய மெம்பர்களின் வாரமும் பாயின்டும் பறிபோனதா? இல்லை. ஆனால் வேறு ஒன்று நடந்தது. 2022-ல் எச்.ஜி.வி. மேக்ஸ் என்று ஒரு புதிய திட்டம் வந்தது. இரண்டு கம்பெனி ரிசார்ட்டுகளிலும் தங்கலாம் என்றார்கள். கம்பெனிகள் சேர்ந்துவிட்டதால் பழைய மெம்பர்களுக்கு இது தானாக வரும் என்று நினைத்தவர்களுக்கு ஏமாற்றம். அதற்கு தனியாக பணம் எடுத்து வைக்க வேண்டியிருந்தது.

புதிய முதலாளி பழைய உரிமையை பிடுங்குவதில்லை. அதை பழசாக்கி விடுகிறார். நல்ல ரூம், நல்ல சீசன், புதிய ரிசார்ட் எல்லாம் புதிய திட்டத்துக்கு. பழைய மெம்பர் போன் போட்டால் "அந்த தேதியில் ரூம் இல்லை சார், அப்கிரேடு பண்ணிக்கங்க" என்ற பதில் வரலாம். ஒப்பந்தம் காகிதத்தில் பத்திரம், பலன் மட்டும் தேய்மானம்!

பராமரிப்பு கட்டணம் ஏறுமா?

இதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. கம்பெனி கைமாறிவிட்டது என்ற காரணத்துக்காக மட்டும் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. அக்ரிமென்ட்டில் கட்டணத்தை எப்படி கூட்டலாம் என்று எழுதியிருக்கிறதோ, அதுதான் கணக்கு. ஆனால் பல அக்ரிமென்ட்டுகளில் "கம்பெனி முடிவு செய்யும் கட்டணம்" என்று கதவை திறந்தே வைத்திருப்பார்கள். புதியவர் வந்ததும் பெயின்ட், கட்டில், ஏ.சி. என்று புதுப்பிப்பார். அந்த செலவில் ஒரு பகுதி உங்கள் பில்லில் வந்து உட்காரலாம்.

கோபத்தில் "கட்டவே மாட்டேன்" என்று நிறுத்துவதும் ஆபத்து. பாக்கி சேரும், புக்கிங் நிற்கும், மெம்பர்ஷிப்பை ரத்து செய்ய அவர்களுக்கே காரணம் எடுத்து கொடுத்தது போல ஆகும். "ஆட்சேபத்தோடு கட்டுகிறேன்" என்று எழுதிக்கொடுத்துவிட்டு கட்டுவது புத்திசாலித்தனம்.

சட்டம் கை கொடுக்குமா?

டைம்ஷேருக்கென்று இந்தியாவில் தனி சட்டம் இல்லை. ஆனால் 2019-ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்தில் நமக்கு தோதான ஒரு பிரிவு இருக்கிறது. நுகர்வோரின் சம்மதம் இல்லாமல், அவருக்கு பாதகமாக ஒப்பந்தத்தை இன்னொருவருக்கு மாற்ற இடம் கொடுக்கும் ஒப்பந்தத்தை "நியாயமற்ற ஒப்பந்தம்" என்று அது சொல்கிறது. இந்த புகாரை மாவட்ட ஆணையத்தில் கொடுக்க முடியாது. மாநில ஆணையத்துக்கு போக வேண்டும்.

ரூம் தரவில்லை, சேவை சரியில்லை என்ற வழக்கமான புகார் என்றால், கட்டிய பணம் ரூ.50 லட்சம் வரை மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். ரூ.5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. கம்பெனியின் ஆபீஸ் மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்கு போடலாம். ஆனால் பிரச்சினை எழுந்த 2 வருஷத்துக்குள் போட வேண்டும். முதலில் ஆலோசனை கேட்க 1915 என்ற உதவி எண் இருக்கிறது.

உடனே செய்ய வேண்டியது

கம்பெனி கைமாறுகிறது என்று சேதி வந்தால் நாலு கேள்வியை எழுத்தில் கேளுங்கள். என் ஒப்பந்தத்துக்கு இனி எந்த கம்பெனி பொறுப்பு? எந்தெந்த ரிசார்ட் லிஸ்டில் தொடரும்? ஆண்டு கட்டணம் எந்த அடிப்படையில்? வெளிநாட்டு ரிசார்ட்டுக்கு மாற்றிக்கொள்ளும் வசதி தொடருமா? போனில் சொல்லும் பதில் செல்லாது. மெயிலிலோ தபாலிலோ வாங்குங்கள்.

"புது கம்பெனிக்கு புது பாரம், ஒரு கையெழுத்து போடுங்க" என்று வந்தால் அவசரப்படாதீர்கள். பழைய ஒப்பந்தத்துக்கு பதிலாக புதிய ஒப்பந்தம் போட இருவரும் சம்மதித்தால், பழையது செத்துவிடும் என்பது 1872-ம் வருஷ ஒப்பந்த சட்டத்திலேயே இருக்கும் விதி. அப்கிரேடு என்ற பெயரில் 99 வருஷத்தை கொடுத்துவிட்டு 10 வருஷத்தை வாங்கிக்கொண்டு வரக்கூடாது பாருங்க.

இன்னொரு கூட்டமும் இந்த நேரத்தில் கிளம்பும். "உங்க கம்பெனி கைமாறிடுச்சு, உங்க டைம்ஷேரை நல்ல விலைக்கு வித்து தர்றோம், வரி மட்டும் முன்னாடி கட்டுங்க" என்று போன் வரும். நம்பாதீங்க! அமெரிக்காவில் இதே பாணியில் முதியவர்களை ஏமாற்றிய கும்பலுக்கும் மெக்சிகோ போதை கடத்தல்காரர்களுக்கும் தொடர்பு என்று சொல்லி, 2023-ல் அமெரிக்க நிதித்துறையே தடை போட்டது. விற்று தருகிறவர் விற்ற பணத்தில் கமிஷன் எடுக்கட்டும். முன்பணம் கேட்டாலே அது மோசடி. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு போன் போடுங்கள்.

மொத்தத்தில், பங்கு கைமாறினால் நிம்மதியாக தூங்கலாம். தொழில் மாறினால் புதிய கம்பெனியின் பெயரை குறித்துக்கொள்ளுங்கள். கட்டிடம் மட்டும் விலைபோனால் வக்கீலை பாருங்கள். திவால் என்றால் அன்றைக்கே உரிமை கோரி மனு போடுங்கள். பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடக்கும் அந்த பழைய அக்ரிமென்ட்டையும், முதல் தவணையில் இருந்து எல்லா ரசீதையும் இன்றைக்கே எடுத்து ஜெராக்ஸ் போட்டு வையுங்கள்.