பல்பு எரிஞ்சா போதுமா மக்கா?

நம்ம ஊரு பொறியியல் கல்லூரி கலைவிழாக்கள்ல இப்ப ஒரு புது மோகம். ‘வேரபிள் டெக்னாலஜி ஃபேஷன் ஷோ’வாம். நெல்லைக்குப் பக்கத்துல ஒரு கல்லூரியில (பேரு வேண்டாம், சாப்பாடு நல்லா போட்டாங்க) மார்க் போட என்னையும் கூப்பிட்டு உட்கார வச்சாங்க. ஒம்பது டீம். அதுல ஏழு டீம், ஆன்லைன்ல வாங்குன எல்ஈடி பட்டையை வாடகை லெஹங்காவுல டேப் போட்டு ஒட்டிட்டு வந்திருந்தாங்க. ஏலே, இதை நம்ம கோயில் கொடையில சீரியல் செட்காரர் எப்பவோ பண்ணிட்டாருலே!

அது கூடப் பரவாயில்ல. மேடையில நடந்த ஒரு பொண்ணுகிட்ட, மூணாம் வருஷம் இசிஇ, கேட்டேன்.

“சர்க்யூட் யாரும்மா போட்டது?”

“சீனியர் அண்ணன் சார்.”

“தச்சது?”

“பாளையங்கோட்டையில ஒரு டெய்லர் சார்.”

“நீ?”

“நான் நடந்தேன் சார்.”

எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற பொண்ணு சார் அது. அவளை ஹேங்கரா மாத்தி நிறுத்திட்டு, பசங்க கீழே ரிமோட்டை வச்சுகிட்டு விசிலடிக்காங்க. எனக்கு வந்த கோவம் இதுக்குத்தான்.

இந்த மாதிரி மாணவர் ஷோவுக்கெல்லாம் முன்னோடி 1997 அக்டோபர்ல அமெரிக்காவுல எம்ஐடி மீடியா லேப் நடத்துனது. டோக்கியோ, பாரிஸ், மிலன், நியூயார்க்ல இருந்த ஃபேஷன் பள்ளி மாணவர்களையும் அங்கத்த ஆராய்ச்சிக்காரங்களையும் சேர்த்து வேலை பாக்க விட்டாங்க. துணி தெரிஞ்சவனும் சர்க்யூட் தெரிஞ்சவனும் ஒரே மேஜையில. நாம அதுல எடுத்துகிட்டது கேட்வாக்கை மட்டும்தான்.

இன்னொண்ணு சொல்லுதேன், கேட்டா வயிறு எரியும். அதே 1997ல அதே இடத்துல ரேமி போஸ்ட், மேகி ஆர்த்ன்னு ரெண்டு பேரு துணியிலேயே மின்சாரம் ஓட்டிக் காட்டினாங்க. அதுக்கு அவங்க எடுத்த துணி எது தெரியுமா? பட்டு இழையில மெல்லிசா செப்புத் தகடு சுத்தி நெய்த ஆர்கன்சா. இந்தியாவுல காலங்காலமா நெய்யுற ரகம்! நம்ம ஜரிகைக்குப் பங்காளிதான். நாம அதைப் பீரோவுல பூட்டி வச்சுட்டு சீனாக்காரன் பட்டையை ஒட்டிகிட்டு இருக்கோம்.

நம்பலைன்னா, வீட்டுல ஆச்சியோட பழைய பட்டுச்சேலை ஓரத்துல மல்டிமீட்டரை வச்சுப் பாருங்க. அசல் வெள்ளி ஜரிகைன்னா பீப் அடிக்கும். பிளாஸ்டிக் ஜரிகைன்னா மூச்சே வராது. (அம்மாகிட்ட கேட்டுட்டு வைங்க. சேலைக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் பொறுப்பில்ல.) சிக்கல் என்னன்னா, ஜரிகைக்கு மேல உறை கிடையாது. துணி மடிஞ்சு ரெண்டு இழை தொட்டா ஷார்ட். அப்ப எந்த இடத்துல ஜரிகை ஓடணும், எவ்வளவு பருத்தி இடைவெளி விடணும்னு முடிவு பண்ணணும். அது எந்தப் பாடப்புத்தகத்துலயும் இல்ல. நெசவாளிக்குத் தெரியும்.

அந்த நெசவாளி எங்க இருக்காரு? ஜங்ஷன்ல பாபநாசம் பஸ் ஏறுனா பத்தமடை, சேரன்மகாதேவி தாண்டி வீரவநல்லூர். சௌராஷ்டிர நெசவாளிங்க செடிபுட்டா சேலை நெய்யுற ஊரு. 2023ல புவிசார் குறியீடு கூட வாங்குன சேலை. வழியில உள்ள பத்தமடையில தாமிரபரணிக் கோரையைக் கிழிச்சுத் துணி மாதிரி மடிக்கிற பாய் நெய்யுதாங்க. ஷோ நடத்துன ஒரு பய அங்க எட்டிப் பாத்திருக்கானா? எனக்குத் தெரிஞ்சு இல்ல.

“பசங்க ஜாலிக்குப் பண்ணுறது, விடுங்க அண்ணாச்சி”ங்காங்க. ஜாலிக்குன்னா சினிமாப் பாட்டுக்கு ஆடுங்க, நானும் கை தட்டுதேன். தொழில்நுட்பம்னு பேரு வச்சு, அதுக்குச் சான்றிதழும் குடுத்தா கேக்கத்தான் செய்வேன். துணியில தைக்கிற மாதிரி லில்லிபேட் போர்டை லியா பீக்லி கொண்டு வந்து, 2007லயே கடைக்கு வந்தாச்சு. ஊசி நூலைக் கையில குடுத்தப்ப பொண்ணுங்க அதுல ஏகப்பட்ட பேர் புகுந்து விளையாடினாங்க. சாதா ஆர்டுயினோவுல அவ்வளவு பேரைப் பாக்க முடியாது.

அடுத்த வருஷம் என்னைக் கூப்பிட்டா நான் ஒரே ஒரு விதிதான் போடுவேன்: யார் போட்டுட்டு வர்றாங்களோ அவங்கதான் சர்க்யூட்டையும் தச்சிருக்கணும். மேடையிலேயே ஒரு இழையை அத்து விடுவேன். ஊசி, நூல், மல்டிமீட்டர் மூணும் மேஜையில இருக்கும். அந்த இசிஇ பொண்ணு மறுபடி எரிய வச்சா முதல் பரிசு அவளுக்கு. நெய்து குடுத்தவருக்கு முன் வரிசையில நாற்காலி, அவர் பேரு நோட்டீஸ்ல.