படத்துல டிராக்டர் எங்கே போச்சு?

கார்த்திகை பிறந்தா எங்க பக்கம் பறவைங்களோட சேர்ந்து கேமராக்காரங்களும் வந்து இறங்கிடுவாங்க. சனி, ஞாயிறுல வேடந்தாங்கல் போற ரோட்டோரம் பூரா காரும் பைக்கும்தான். சென்னையிலேருந்து விடியறதுக்கு முன்னாடியே கிளம்பி வர்றவங்க. வெயில் ஏறினதும் டீக்கடையில உக்காந்து, ஒருத்தர் எடுத்த படத்தை இன்னொருத்தர் வாங்கிப் பார்த்து குறை சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க.

இந்தப் பழக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். "கண்ணுல ஃபோகஸ் இல்ல", "தண்ணி சாய்ஞ்சு நிக்குது", "பின்னால அந்தக் கிளை உறுத்துது" என்று முகத்துக்கு நேராகவே சொல்றாங்க. கேக்கறவரும் கோவிச்சுக்கறதில்ல. இது இன்னைக்கு நேத்து வந்ததும் இல்லை. மெட்ராஸ்ல 1850களிலேயே போட்டோ பிடிக்கிறவங்க சங்கம் வெச்சிருந்தாங்க, படங்களைக் காட்சிக்கும் வெச்சாங்க.

என் குறை ஒண்ணே ஒண்ணுதான். வெளிச்சம், லென்ஸ், கலர், ஃப்ரேம்னு எல்லாத்தையும் பேசறவங்க, படத்துக்குள்ள இருக்கிற பறவை என்ன பண்ணிட்டிருந்தது, அது ஏன் அப்படி நின்னதுன்னு யாரும் யாரையும் கேக்கறதில்ல.

நாங்களும் அடுத்தவன் பயிரைக் குறை சொல்றவங்கதான். வரப்புல போகும்போது ஒரு வயல் கருகருன்னு பச்சையா நின்னா, ஊருக்குப் புதுசா வந்தவர் "ஆஹா, என்ன அழகு" என்பார். எங்க ஆளு, "யூரியா எத்தனை மூட்டை போட்டே? புகையான் வந்து உக்காரப் போகுது பாரு" என்பான். அழகு தெரியாதவன் இல்லை அவன். அந்தப் பச்சை எப்படி வந்ததுன்னு தெரிஞ்சுதான் பேசறான்.

ஒரு தடவை எங்க கழனியில சேறு ஓட்டிட்டிருந்தோம். கேஜ் வீல் புரட்டிப்போடற சேத்துல புழு, பூச்சி, தவளை எல்லாம் மேல வரும். அதைப் பிடிக்க முப்பது நாப்பது கொக்கு டிராக்டர் பின்னாலேயே வரும். அதைப் படம் பிடிக்க வந்த தம்பி ஒருத்தர், "அண்ணே, அந்த டிராக்டரைக் கொஞ்சம் ஓரமா நிறுத்த முடியுமா, படத்துல வருது" என்றார். நிறுத்தினோம். கொக்கெல்லாம் ரெண்டு நிமிஷத்துல பறந்து போச்சு. மறுபடி ஓட்டினதும் வந்துச்சு. எடுத்த படத்தைக் கூட வந்தவர்கிட்ட காட்டினப்போ அவர் சொன்ன விமர்சனம், "மூலையில டயர் தெரியுது, கிராப் பண்ணிடு". அந்த டயர்னாலதான் கொக்கே வந்ததுன்னு ரெண்டு பேருக்கும் தோணலை.

நடவு நடற பொம்பளைங்களை ஒரே நேரத்துல நிமிர்ந்து சிரிக்கச் சொல்றது இன்னொரு கூத்து. இடுப்பு வலியில நிமிர்றவங்க யாரும் சிரிக்க மாட்டாங்க. அந்தப் படத்தைப் பார்த்து "இயல்பா இருக்கு" என்று பாராட்டறதையும் கேட்டிருக்கேன்.

விஷயம் தெரிஞ்சவங்க கேள்வி கேட்டா என்ன ஆகும்கிறதுக்கு வெளிநாட்டுல ஒரு கதை இருக்கு. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்துற காட்டுயிர் புகைப்படப் போட்டியில 2009ல முதல் பரிசு வாங்கினது, ராத்திரியில ஒரு ஓநாய் வேலிக் கதவைத் தாண்டிக் குதிக்கிற படம். வெளிச்சம், அமைப்பு எதுலயும் குறை கிடையாது. ஆனா ஓநாயைத் தெரிஞ்சவங்க, "காட்டு ஓநாய் எதுக்குக் குதிக்கணும்? இடுக்குல நுழைஞ்சு போயிடாதா?" என்று கேட்டாங்க. கடைசியில, அது பழக்கப்பட்ட ஓநாயா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்னு முடிவு பண்ணி 2010 ஜனவரியில பரிசைத் திரும்ப எடுத்துக்கிட்டாங்க. எடுத்தவர் மறுத்தார். கேள்வி என்னவோ கேமராவைப் பத்தினது இல்லை, ஓநாயைப் பத்தினது.

வேடந்தாங்கலே இப்படித் தெரிஞ்சவங்களால நிக்கிற இடம்தான். பறவை எச்சம் விழுந்த ஏரித்தண்ணி பாய்ஞ்சா நெல்லு நல்லா வரும்னு அந்த ஊர் ஜனங்களுக்குப் பரம்பரையாத் தெரியும். வெள்ளைக்காரச் சிப்பாய்ங்க துப்பாக்கியோட வந்தப்போ கலெக்டர்கிட்ட போய் நின்னு, 1798ல காப்பு உத்தரவு வாங்கினாங்க. கொடுத்தவர் லயனல் பிளேஸ். எங்க மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கதையில வர்ற அதே துரைதான். தீபாவளிக்கு வெடி வெடிக்காம இருக்கிற ஊர் அது. அங்க மரமெல்லாம் தண்ணி நடுவுல இருக்கறதால கேமராக்காரங்க கரையோட நின்னுடறாங்க, பறவைக்குப் பெரிய தொந்தரவு இல்லை.

தொந்தரவு எங்க கழனிகள்லதான். ஆள்காட்டிக் குருவி கூடே கட்டாது. பங்குனி, சித்திரையில தரிசு நிலத்துல வெறும் தரையில முட்டை வைக்கும், மண்ணாங்கட்டி மாதிரி நாலு முட்டை. வெயில் தாங்காதுன்னு வயித்தைத் தண்ணியில நனைச்சுட்டு வந்து அது மேல உக்காரும். ஆள் கிட்டப் போனா ரெக்கையை விரிச்சு, தலைக்கு மேல சுத்திச் சுத்திக் கத்தும். இந்தப் படத்துக்குத்தான் "ஆக்‌ஷன் செம"ன்னு பாராட்டு. பல போட்டிகள்ல கூட்டுப் படத்தைச் சேர்த்துக்கறதில்லையாம், நல்லது. ஆனா இதுல கூடும் தெரியாது, முட்டையும் தெரியாது. கத்தற பறவை மட்டும்தான் தெரியும். அது கத்தற அந்தப் பத்து நிமிஷமும் முட்டை வெயில்ல வேகுது, காக்கா பார்த்துட்டிருக்கு.

அதனால நண்பர்களே, அடுத்தவர் படத்தைப் பார்க்கும்போது ஃபோகஸுக்கு முன்னாடி "இது ஏன் கத்துது?"ன்னு கேளுங்க. கழனியில நீங்க நிக்கும்போது அது கத்த ஆரம்பிச்சா, முட்டையைத் தேடாதீங்க. எந்த வழியா வந்தீங்களோ அதே காலடியில திரும்பிடுங்க. பக்கவாட்டுல ஒதுங்கினா மிதிச்சிடுவீங்க, அவ்வளவு மண்ணு நிறம்.